மேற்பார்வையாளர் தொப்பி கழுவிய படலம்

வாழ்க! முப்பத்தோராண்டுக் காலம் பிறர் வியர்வை சிந்துவதைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போன பெருந்தகை வாழ்க! பிஸ்கட் ஆலையின் பொட்டலம் கட்டும் பிரிவில், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கோத்தபடி வலமும் இடமுமாய் உலாப்போந்து, ஒரு பொட்டலத்தையும் தம் மலர்க்கரத்தால் தீண்டாமலே ஓய்வுபெற்ற ஒப்பிலா வீரர் வாழ்க! சுட்டுவிரலே செங்கோலாகவும், 'அது ஏன் கோணலா இருக்கு?' என்னும் ஒற்றை வாக்கியமே அரசாணையாகவும் ஆட்சி புரிந்த அம்மேற்பார்வையாளர், ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலில், நெஞ்சில் நடுக்கமும் தலையில் முடியும் சற்றேனும் இன்றி, மயிரை அழுத்திச் செய்த பழுப்பு நிற ஃபெல்ட் தொப்பி ஒன்றோடும் வைக்கோல் தொப்பி ஒன்றோடும் பொருத வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். கேட்போர் சிரிப்பை அடக்கிக்கொள்க. அடக்க இயலாதோர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருக.

அவ்வீரரின் இல்லத்தரசி தொப்பிகளைச் சுத்தம் செய்து சீர்ப்படுத்தித் தரும் தொழிலினர். வீட்டின் முன்னறையே அவரது பட்டறை. அங்கே மூன்றடுக்குப் பலகைத் தட்டில், விளிம்பு நசுங்கிவிடாதபடி தொப்பிகள் யாவும் மல்லாந்து படுத்திருக்கும். கருந்தொப்பிக்கு ஒன்று, வெளிர்த்தொப்பிக்கு ஒன்று என மென்மயிர்ப் பிரஷ்கள் ஆணியில் தொங்கும். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும் சோளமாவு ஒரு டப்பாவிலும், ஆவி காட்டும் நீண்ட மூக்குக் கெட்டில் ஒரு சிறு அடுப்பின் மீதும், சுருங்கியதை விரித்தெடுக்க நடுவே திருகாணி பொருத்திய மரத்தலை ஒன்று மேசை மீதும் வீற்றிருக்கும். நாடக மன்னர்களின் தொப்பியும், வாத்தியக் குழுவினரின் தொப்பியும், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வழுக்கை மறைக்கும் வணிகர்களின் தொப்பியும் அழுக்கேறி வந்து, அவர் கைபட்டுப் பொலிவோடு திரும்பும். இருபத்திரண்டு ஆண்டுகளாய் இப்படி. தெருவார் அவருக்குச் சூட்டிய பெயர் தொப்பியம்மா.

இங்கேதான் வீரரின் நெஞ்சில் முள் தைத்தது. ஓய்வுபெற்று வீடடைந்த மூன்றாம் நாளே தபால்காரர் வாசலில் நின்று, "தொப்பியம்மா வீட்டுக்காரரே, ஒரு கையெழுத்துப் போடுங்க!" என்று தெருவதிரக் கூவினார். ஆலையில் அறுபது பேர் எழுந்து நிற்க உள்நுழைந்த பெருமகன், ஒரு தொப்பிக்காரியின் வீட்டுக்காரனாய்ச் சிறுத்தார். அன்று பட்ட புண் எட்டுத் திங்களாகியும் ஆறவில்லை. ஆறவிடாமல் அதை அன்றாடம் சொறிந்துகொண்டிருந்தவரும் அவரே.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வாசலில் தொங்கிய துருப்பிடித்த பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவதாய் ஏற்பாடு. பலகை எழுதும் ஓவியர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தவாறே வீரர் தம் முதல் முழக்கத்தை வெளியிட்டார்.

"பலகையில 'மேற்பார்வை'ன்னு போட்டு என் பேரை எழுதச் சொல்லு. மேல, பெருசா."

"எதை மேற்பார்வை பாக்குறீங்க?" என்றார் தொப்பியம்மா.

"எல்லாத்தையும்தான். எட்டு மாசமா பாத்துக்கிட்டுதானே இருக்கேன்? தொப்பி துடைக்கிறதெல்லாம் ஒரு வித்தையா? அரை மணி நேர வேலை. நீ அதை நாலு நாள் இழுக்குற."

தொப்பியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். சினந்தாரா எனின் இல்லை. முகத்தில் ஒரு மயிரிழை அசையவில்லை. அதுவே அஞ்சத்தக்க அறிகுறி என்பதை அறியும் ஆற்றலை இயற்கை நம் வீரருக்கு வழங்கவில்லை.

"சரிங்க. நான் நாடகக் கொட்டகைக்குப் போய்த் தொப்பிங்களைக் குடுத்துட்டு நாலு மணிக்கு வந்துடுறேன். உங்க பழைய தொப்பி பீரோ மேல தூசி படிஞ்சு கெடக்கு. அதைச் சுத்தம் பண்ணி வைங்க. நல்லா வந்திருந்தா உங்க பேரை மேலயே போடச் சொல்றேன். ஆனா பேண்டு மாஸ்டர் தொப்பியை மட்டும் தொட்டுடாதீங்க. அஞ்சு மணிக்கு வர்றாரு. அது இல்லாம மனுஷன் மேடை ஏற மாட்டாரு. அது கெட்டுதுன்னா அவங்க குழுவோட பன்னெண்டு தொப்பியும் இனிமே நம்ம வாசப்படி ஏறாது."

வானம் மூடியிருந்தமையால் தம் வைக்கோல் தொப்பியைக் கதவோரம் மாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

ஆ! எத்தனை சொற்கள் சொல்லிச் சென்றார் அம்மாதரசி! அத்தனையிலும் 'தொட்டுடாதீங்க' என்னும் ஒரு சொல் மட்டுமே வீரரின் செவியில் நின்று போர்ப்பறையாய் முழங்கியது. தூசி படிந்த சொந்தத் தொப்பியை வெல்வதும் ஒரு வெற்றியா? செத்த பல்லியை ஈட்டியால் குத்துவது வீரமா? அவர் விழிகள் நடுத்தட்டை நாடின. அங்கே, நாடா கட்டிய இடத்தில் தலையெண்ணெய்க் கறை கரைகட்டி நிற்க, பேண்டு மாஸ்டரின் பழுப்புத் தொப்பி, தனக்கு நேரப்போவது அறியாத இளங்கன்று போல மல்லாந்து துயின்றுகொண்டிருந்தது.

வீரர் போர்க்கோலம் பூண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். மனைவியின் ஏப்ரனைக் கவசமாய் அணிந்தார். அதன் நாடா முதுகுக்குப் பின் எட்டாமையால் முன்னால் முடிந்தார். ஓவியர் வந்து வாசலில் ஏணி சாத்தி ஏறி, சன்னல் வழியே இக்கோலத்தைக் கண்டு, தூரிகையைத் தொங்கவிட்டுச் சற்று நேரம் அசையாது நின்றார்.

முதற்போர் பிரஷ் போர். மயிர் படிந்த போக்கிலேயே மெல்ல வருடவேண்டிய தொப்பியை, எதிர்ப்போக்கில், தரை தேய்ப்பவர் வேகத்தில், அதுவும் கருந்தொப்பிக்குரிய பிரஷால் தேய்த்தார். பகைவன் அஞ்சவில்லை. மாறாக, அவன் உடலெங்கும் மயிர் சிலிர்த்தெழுந்தது. பிரஷிலிருந்த கருந்தூசி புகுந்து, பழுப்பு சாம்பலாயிற்று. சோளமாவு டப்பாவைத் திறந்தார், முகர்ந்தார், சமையலறைப் பண்டம் வழிதவறி வந்துவிட்டதென்று முடிவுகட்டி மூடினார். பிறகு கெட்டிலை அடுப்பேற்றி, வாளியைக் கொணர்ந்து, துணி வெளுக்கும் சோப்பைக் கையிலெடுத்தார்.

"சார், அது வெந்நீர் மாதிரி இருக்கே. தொப்பிக்கு ஆகுமா?" என்றார் ஏணி மேலிருந்த ஓவியர்.

"நீ பலகையைப் பாருய்யா! என் பேருக்கு இடம் விட்டு எழுது! முப்பத்தொரு வருஷம் அறுபது பேரை மேய்ச்சவன் நான். ஒரு தொப்பிக்குப் பயப்படுவேனா?"

என்னே அம்முழக்கம்! கொதிக்கும் நீர் வாளியில் வீழ்ந்தது. அதில் தொப்பி வீழ்ந்தது. அதன் மேல் சோப்பும், சோப்பின் மேல் வீரரின் இரு கைகளும், கைகளின் மேல் அவர் அலறலும் வீழ்ந்தன. கடல் கடைந்தாற்போல் நுரை பொங்கிற்று. மார்பு நனைந்தது, ஏப்ரன் நனைந்தது, முன்னறைத் தரை ஏரியாயிற்று. கால் நாழிகை கசக்கிப் பிழிந்து அவர் தூக்கிப் பிடித்தபோது, கறை நின்ற இடத்திலேயே நின்றது. தொப்பிதான் இருந்த அளவில் இல்லை. தம் தலையில் வைத்துப் பார்த்தார். கடலளவு தலையின் உச்சியில் அது சீசா மூடியளவு நின்று சொட்டியது.

"சார்…" என்று தொடங்கிய ஓவியர், சட்டென்று பலகைப் பக்கம் திரும்பினார். அவர் முதுகு குலுங்கியதற்குக் காரணம் குளிரன்று.

தோல்வியை ஒப்புவதோ வீரர் மரபன்று. தோற்ற களத்தை விட்டு எளிய களம் தேடுவதே நம் வீரரின் மரபு. 'ஒரு தொப்பியைச் சுத்தம் பண்ணுங்க' என்பதுதானே பந்தயம்? அது எத்தொப்பியாயின் என்ன? கதவோரம் தொங்கிய வைக்கோல் தொப்பி அவர் கண்ணில் பட்டது. ஊரார் தொப்பியெல்லாம் துடைக்கும் மாது தமக்கென வைத்திருந்த ஒரே தொப்பி அது. பிடித்துப் பிடித்து விளிம்பில் கட்டைவிரல் அழுக்கு ஏறியிருந்தது. ஈரத்துணியால் இருமுறை துடைத்தால் தீர்ந்திருக்கும். ஆயினும் இருமுறை துடைத்துத் தீர்வதற்கோ இத்தோள்கள்? அதே வாளியில் அதையும் அமிழ்த்தினார். விளிம்பு வெந்த அப்பளமாய் அலையலையாய்ச் சுருண்டது. சுருண்டதை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, தொப்பியின் மேல் ஓங்கி வைத்து அழுத்தினார். வேள்விச்சாலை போலப் புகை எழுந்தது. பெட்டியை எடுத்தபோது, வைக்கோலின் மேல் முக்கோணமாய், துல்லியமாய், கருகிய பழுப்பில் ஒரு முத்திரை பதிந்திருந்தது.

மணி நான்கு. தொப்பியம்மா வாயிலில் நின்றார்.

ஏரியைக் கண்டார், வாளியைக் கண்டார், சீசா மூடியைக் கண்டார், வைக்கோலின் முத்திரையை மட்டும் சற்று நேரம் கூடுதலாகக் கண்டார். வீரர் பேச வாயெடுத்தார்.

"நான் சொல்றதைக் கேளு. சோப்பு சரியில்ல. வாளியும் வந்து…"

"பேசாதீங்க. தொப்பிக்குக் கொதிதண்ணி ஆகாதுன்னு இருபத்திரண்டு வருஷமா இங்க நிக்கிற செவுத்துக்குக்கூடத் தெரியும்." பழுப்புத் தொப்பியை எடுத்து உதறினார். விரலால் அழுத்திப் பார்த்தார். "இன்னும் ஈரமா இருக்கு. காய விட்டிருந்தீங்கன்னா செத்திருக்கும். வாங்க, கெட்டிலைப் புடிங்க. மூக்கு இந்தப் பக்கம். ஆட்டாதீங்க."

அறுபது பேரை ஏவிய வீரர் ஏவலுக்கு ஆளானார். ஐம்பது நிமிடங்கள், வியர்வை மூக்கு நுனியில் தொங்க, துடைக்கக் கைகளின்றி, கெட்டிலைத் தாங்கி நின்றார். தொப்பியம்மா தொப்பியை மரத்தலையில் ஏற்றி, ஆவியில் காட்டி, திருகாணியைக் கால் சுற்றுத் திருகி, விரல்களால் இழுத்து, மீண்டும் காட்டி, மீண்டும் திருகினார். அவசரமும் இல்லை, இடைநிறுத்தமும் இல்லை. ஒரு நூலளவு, இன்னொரு நூலளவு எனத் தொப்பி தன் பழைய உருவை நோக்கி நடந்தது. துணியால் ஈரம் ஒற்றி, வெளிர்ப் பிரஷால் மயிரைப் படியவைத்து, எண்ணெய்க் கறை மேல் சோளமாவு தூவி, ஊறவிட்டுத் தட்டினார். கறை மாவோடு போயிற்று. வீரர் முதன்முறையாக அதை அருகிருந்து பார்த்தார். எட்டுத் திங்கள் பார்த்தும் காணாததை அன்றுதான் கண்டார்.

பேண்டு மாஸ்டர் சரியாய் ஐந்துக்கு வந்தார். தொப்பியை வாங்கித் தலையில் வைத்து, கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பினார்.

"அம்மா, போன தடவையவிட இப்ப நல்லாப் புடிச்சு உக்காருது! கொஞ்சம் ஈரமா இருக்கோ?"

"இப்பதான் ஆவி காட்டுனேன். மேடைக்குப் போறதுக்குள்ள காஞ்சிடும். வெயில்ல மட்டும் வைக்காதீங்க."

"அது சரி, தரையெல்லாம் ஏன் தண்ணி?"

"வாளி கவுந்துடுச்சு."

ஏணி மேலிருந்து ஓர் இருமல் கேட்டது. பேண்டு மாஸ்டர் மகிழ்ந்து விடைபெற்றார். பன்னிரண்டு தொப்பிகளும் பிழைத்தன.

அவர் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், வீரரின் மார்பு மீண்டும் நிமிர்ந்தது. 'நல்லாப் புடிச்சு உக்காருது' என்றாரே! சுருக்கியவர் யார்? அச்செந்நெறியைத் தொடங்கிவைத்தது யார் கை? இவ்வாறு அவர் உள்ளத்துள் வெற்றி முரசம் அறையத் தொடங்கிய வேளையில், ஓவியர் சன்னல் வழியே தலைநீட்டினார்.

"அம்மா, எல்லாம் முடிஞ்சுது. சார் பேரு மேலயா, கீழயா?"

தொப்பியம்மா வைக்கோல் தொப்பியை எடுத்து, முத்திரை தெரியும்படி அவர் முன் உயர்த்திப் பிடித்தார்.

"இந்தப் படத்தை அப்படியே பெருசா வரைஞ்சுடுப்பா. கீழ 'மேற்பார்வை'ன்னு எழுதி இவரு பேரைப் போடு."

ஓவியர் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவே. வீரர் அம்முத்திரையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஆவியில் வெந்து சிவந்திருந்த அவ்விரல்களைக் கடைசியாய்ப் பார்த்தார். மெல்ல வாய் திறந்தார்.

"என் பேர் வேணாம்பா. அவ பேரை மட்டும் எழுது. பெருசாவே எழுது."

கேட்டீர்களா, உலகத்தீரே! முடிசூட நின்ற மன்னன் முடி துறந்தான்! எவரும் கொடாத அரசை எவரும் கேளாமலே வேண்டாமென்ற அத்தியாகத்தைத் திசைகள் எட்டும் புகழ்க! நனைந்த ஏப்ரனோடு மின்விசிறியின் கீழ் அமர்ந்து, முன்னால் முடிந்த நாடாவை அவிழ்க்க அறியாது அந்தி சாயும்வரை போராடிய அத்தோள்கள் வாழ்க! கெட்டில் வாழ்க! சோளமாவு வாழ்க! எதிரிகள் இருவரையும் வென்று, இருவராலும் வெல்லப்பட்டு, ஒரு வாளி நீரையும் ஒரு மாதின் ஒரே தொப்பியையும் பலியிட்டு நிலைநாட்டிய அவர்தம் கொற்றம் ஊழிதோறும் ஓங்குக!

மறுநாள் அவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.