ஏழு நாள் டிரஸ்ஸர்

ஆண்டவர் உலகத்தைப் படைத்தபோது பக்கத்திலேயே நின்று ஸ்பிரிட் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர் போலப் பேசக்கூடிய மனிதர், ஜொகூர் முழுக்கச் சலித்துத் தேடினாலும் ஒருவர்தான் அகப்பட்டிருப்பார். அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆதியாகமம் சொல்வார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஏழு நாள் டிரஸ்ஸர்.

தங்காக்கிலிருந்து உள்ளே தள்ளி, லேடாங் மலையைப் பார்த்தபடி கிடந்தது அந்த ரப்பர் தோட்டம். காலையில் மலை இருக்காது, பனிதான் இருக்கும். பத்து மணிக்கு மேல், யாரோ ஞாபகம் வந்து எடுத்து வைத்ததுபோல மலை வந்து நிற்கும். நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. வயது இருபத்திரண்டு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நிற்கும் ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் போடுவது என் வேலை. பேர் விழுந்தவன் அன்றைக்கு உழைத்தவன். பேர் விழாதவன் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்த பகுத்தறிவுப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து, ஆறே மாதத்தில் கடவுளை ஒழித்துக்கட்டியிருந்தேன். அறிவுக்கு அடையாளமாக ஒரு தாடியும் வளர்த்தேன். மொத்தம் முப்பது முடி இருக்கும்.

டிரஸ்ஸரின் வைத்திய முறை இதுதான். உலகத்தை உண்டாக்கவே ஆண்டவருக்கு ஆறு நாள் பிடித்தது, உடைந்துபோன மனுஷனைத் திரும்ப உண்டாக்க அதற்குக் குறைந்து முடியாது. ஆகவே யார் எதற்குப் படுத்தாலும் ஏழு நாள். முதல் நாள் வெளிச்சம்: ஜன்னலைத் திறந்து கண் இமையை இழுத்துப் பார்ப்பார். இரண்டாம் நாள் நீரை நீரிலிருந்து பிரித்த நாள்: வடித்த கஞ்சித் தண்ணீர் மட்டும். மூன்றாம் நாள் புல்பூண்டு: கீரை. நான்காம் நாள் சூரியன்: நோயாளியைத் தூக்கி வாசலில் வெயிலில் போட்டுவிடுவார். ஐந்தாம் நாள் மீன். ஆறாம் நாள் மனிதன்: முகம் வழித்து, வெந்நீர் ஊற்றி, தலை சீவி விடுவார். ஏழாம் நாள் சும்மா இருக்க வேண்டும்.

காலில் முள் குத்தி வந்த கருப்பையாவுக்கும் இதேதான்.

"முள்ளுக்கு எதுக்குங்கய்யா கஞ்சித் தண்ணி?"

"முள்ளுக்கு யாரு கொடுக்கா? முள்ளு குத்தினவனுக்குல்லா கொடுக்கேன். குடி வே."

மழைக்காலத்தில் சிக்கல் வந்தது. பால் மரம் வெட்டும் மூக்காயி காய்ச்சலில் படுத்தாள். நாலாம் நாள் சூரியன் வரவில்லை. சூரியன் வராமல் நாலாம் நாள் எப்படி முடியும்? ஒன்பது நாள் அவளுக்கு நாலாம் நாளாகவே இருந்தது. பத்தாவது நாள் வெயில் அடித்தபோது, "அலமாக், வந்துருச்சே" என்று அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாளாம்.

நான் விடுவேனா? சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குப் போய் வழக்குப் பேசுவேன்.

"சூரியனையே நாலாம் நாள்தான் படைச்சாருன்னா, மொத நாள் வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்த டிரஸ்ஸர் நிமிர்ந்து பார்த்தார். "பெரட்டுல பேர் போடுதீரே, அப்போ சூரியன் இருக்கா?"

"இல்ல."

"வெளிச்சம்?"

"அரிக்கேன் விளக்கு இருக்கு."

"பெறகென்ன வே? வேலை தொடங்குறப்ப சூரியன் இருக்கணும்னு வேற யாரு கேட்டாலும் தகும். நீரு கேக்கலாமா?"

இன்னொரு நாள் குரங்கிலிருந்து மனிதன் வந்த கதையை வரிசையாக எடுத்துச் சொன்னேன். நடுவே குறுக்கிடாமல் கேட்டார்.

"அதுக்கு எவ்வளவு நாள் ஆச்சுங்கீரு?"

"பல லட்சம் வருஷம்."

"அவ்வளவு நாள் லீவு எந்தத் துரை கொடுப்பான்? நான் கேக்கது ஏழு நாளு."

காய்ச்சலைக் குணமாக்குவது கொயினாதான், கடவுள் இல்லை என்றேன். கொயினா மரப்பட்டையிலிருந்துதானே வருகிறது, மரத்தை மூன்றாம் நாள் யார் உண்டாக்கினது என்றார். அந்த மனிதரிடம் எந்தப் பக்கம் ஓடினாலும் ஆறு நாளில் ஒரு நாள் கையை நீட்டி வழிமறிக்கும்.

அப்போதுதான் புதுத் துரை வந்தார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார் என்று சமையல்காரன் சொன்னான். நோயாளிப் பட்டியலைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். காய்ச்சலுக்கு இரண்டு நாள் போதாதா, இந்த ஏழு நாள் எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது, எழுதிக் கொடு என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதினேன். விஞ்ஞானம், இருபதாம் நூற்றாண்டு, மூடநம்பிக்கை, எல்லாம் வந்தது. எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டி ரசித்தேன்.

துரை படித்தார். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. டிரஸ்ஸர் நியாயம் சொல்ல முடியாவிட்டால் வேலை போகும். யாருக்கும் இரண்டு நாளுக்கு மேல் படுக்கையும் கிடையாது. டிரஸ்ஸருக்கு ஆங்கிலம் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் அளவுக்குத்தான். எனவே மொழிபெயர்க்க நான்.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எனக்கே காய்ச்சல் வந்துவிட்டது.

பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரிப் பலகைக் கட்டிலில் கிடத்தினார்கள். டிரஸ்ஸர் வந்து ஜன்னலைத் திறந்தார். இமையை இழுத்தார். "மொத நாளு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தொண்டையில் இறக்கினார். மூன்றாம் நாள் கீரை. நான்காம் நாள் வாசலில் கிடந்தேன். வெயில் முதுகில் ஏறி, எலும்பெலும்பாகத் தட்டி எழுப்பிக்கொண்டு போனது. ஒரு மஞ்சள் பறவை கத்தியது. இலைகளெல்லாம் அன்று காலையில்தான் முதல் முதலாகப் போட்டவை மாதிரி இருந்தன. இதற்கு விஞ்ஞானம் பலவீனம் என்று பேர் சொல்லும். சொல்லட்டும்.

ஆறாம் நாள் சவரக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டு வந்தார். "உம்ம மனுசனாக்கணும், அண்ணாந்து பாரும்" என்றார். அண்ணாந்தேன். கத்தி தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது.

"அறிக்கை நல்லா எழுதியிருக்கீராமே" என்றார்.

கண்ணை மட்டும் உருட்டி அவரைப் பார்த்தேன்.

"ஆபீஸ் பையன் சொன்னான். மூணு பக்கமாமே. அசையாதீரு வே, அறுத்துரும்."

"எப்ப சொன்னான்?" தொண்டையை அசைக்காமல் கேட்டேன்.

"நீரு படுக்கதுக்கு முந்தியே."

தாடி போய்விட்டது. முப்பது முடியும் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதந்தன. வெந்நீர் ஊற்றினார், தலை சீவினார், தள்ளி நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆதியாகமத்தில் ஆண்டவர் தாம் படைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது அதைத்தான். இவர் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டதில்லை.

திங்கட்கிழமை எனக்கு ஏழாம் நாள். மூக்காயிக்கு மறுபடி காய்ச்சல், அவளுக்கு மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி வாசலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். "என்னாங்க கிராணி, நாளைக்கு நான் பால் கத்திய எடுக்கணுமா?" என்றாள். பல் அடித்துக்கொண்டிருந்தது. நான் டிரஸ்ஸரோடு ஆபீசுக்கு நடந்தேன்.

துரை மேசைக்குப் பின்னால் மேலும் கீழும் நடந்தார். கையில் என் மூன்று பக்கம். "முதல் நாள் என்ன செய்கிறாய்?"

"தேவன், வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார்" என்று தொடங்கினார் டிரஸ்ஸர்.

நான் துரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: "நல்ல வெளிச்சத்தில் கண்ணைச் சோதிக்கிறார். இரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க."

துரை தலையாட்டினார். டிரஸ்ஸர் ஆகாயவிரிவைச் சொன்னார். வயிற்றுக்கு ஓய்வு, உடம்புக்கு நீர் என்றேன். அவர் புல்பூண்டு, விருட்சம் என்றார். நான் வைட்டமின் என்றேன். அப்போது கப்பலிலிருந்து இறங்கி ஈரம்கூடக் காயாத சொல் அது. துரையின் புருவம் மரியாதையாக உயர்ந்தது. பெரிய சுடர், சிறிய சுடர்: சூரிய சிகிச்சை. நீந்தும் சகல ஜந்துக்கள்: சத்துணவு. தமது சாயலாக மனுஷனை: சுகாதாரம். என் பத்திரிகைகளெல்லாம் கைகொடுத்தன. ஆறு நாளையும் ஒரு சொட்டுக் கடவுள் கலக்காமல் வடித்துக் கொடுத்தேன்.

"சரி" என்றார் துரை. "ஆறாம் நாள் குணமாகிவிடுகிறான். ஏழாம் நாள் ஏன் வேலைக்கு வருவதில்லை?"

எந்தப் பத்திரிகையிலும் அது வந்திருக்கவில்லை. டிரஸ்ஸரிடம் மெல்லக் கேட்டேன், "ஏழாம் நாளுக்கு என்ன சொல்ல?"

"அன்னைக்கு அவரு உக்காந்தாருன்னு சொல்லும்."

"சர்வ வல்லவருக்கு என்ன களைப்புன்னு கேப்பாரே."

"களைச்சா உக்காந்தாரு? நமக்காக உக்காந்தாரு. மொதலாளி உக்காந்தாத்தான வே கூலிக்காரன் உக்கார முடியும்?"

அதை அப்படியே சொன்னேன். அன்றைக்கு நான் ஒன்றும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

துரை நடையை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே மலை வந்துவிட்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அது கிறீச்சென்றது, புது நாற்காலி. என் மூன்று பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். காய்ச்சல்காரர்களுக்கு ஏழு நாளும் உண்டு. முள் குத்தினவனுக்குக் கிடையாது. அந்த முறையை அட்டவணையாகத் தட்டச்சடித்து ஆஸ்பத்திரியில் மாட்ட வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது டிரஸ்ஸரோடு சேர்ந்து நடந்தேன். அவர் கண்ணில் நன்றியைத் தேடினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே சட்டென்று நின்றார்.

"புட்டி இங்கிலீசுதான் எனக்கு. ஆனாலும் ஒரு வார்த்தை தெரியும். அது உம்ம வாயில வரல."

"வந்திருந்தா உங்க வேலை போயிருக்கும்யா."

"ஆறு நாள் ஒருத்தரு வேலை செஞ்சிருக்காரு. ஆறு நாளையும் சொன்னீரு, அவரு பேரைப் போடல. நீரெல்லாம் ஒரு கிராணி."

பெரட்டில் மூக்காயியின் மகன் பேரை ஒரு நாள் போடாமல் விட்டு, கூலி போய் அவன் வந்து நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று இருந்ததில்லை.

அட்டவணையை அன்று மாலையே தட்டச்சடித்தேன். வெளிச்சம், கஞ்சி, கீரை, வெயில், மீன், குளியல், ஓய்வு. கொண்டுபோய்க் கொடுத்தேன். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே முதல் வரி காலியாக இருந்தது.

"இது என்ன வே?"

"உங்க ஆள் பேரு. நீங்களே போட்டுக்குங்க. கண்ணால பாக்காத ஆளுக்கு நான் பேர் போட முடியாது."

சிரித்தார். கட்டிலில் கிடந்த மூக்காயி என்னவென்று கேட்கும்வரை சிரித்தார். பிறகு மருந்துச் சீட்டு எழுதும் பேனாவை எடுத்து, புட்டிக்கு எழுதுவதுபோலப் பொடி எழுத்தில் அந்தப் பேரை எழுதினார். அந்தத் தோட்டத்தை விட்டு நான் கிளம்பும்வரை அது அங்கேயே தொங்கியது. தட்டச்சு எழுத்தெல்லாம் வெளுத்துப்போக, முதல் வரி மட்டும் கறுத்தே இருந்தது. அவ்வப்போது மேலெழுதி வந்தார் போலிருக்கிறது.

எனக்கு இப்போது நரைத்துவிட்டது. லட்சம் வருஷக் கணக்கில்தான் இன்னும் இருக்கிறேன். அந்த முதல் வரி ஆளை இதுவரை நான் பார்க்கவில்லை. ஆனால் ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் மற்றவர்களை உட்காரவைத்த ஒருவரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேர் போட்டுவிட்டேன், டிரஸ்ஸரய்யா.