இளஞ்சிவப்புக் கறை

"இது என்ன?" என்று கேட்டு அம்பாரோ சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

சட்டைப் பைக்குக் கீழே, நெஞ்சுக்கு நேராக, இளஞ்சிவப்பில் ஒரு கறை.

அவள் கணவன் லியோபார்தோ செருப்பைக் கழற்றக் குனிந்தான். "செம்பருத்திச் சர்பத். ஆலை கேண்டீன்ல சிந்திடுச்சு."

அவள் முகர்ந்து பார்த்தாள். "செம்பருத்தி புளிப்பா வாசம் அடிக்கும். இது தித்திப்பா மணக்குதே?"

"சர்க்கரையை அள்ளிப் போட்டிருப்பா."

"யாரு?"

மனிதன் அங்கேதான் மாட்டினான். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னான். "ஓல்கா."

உண்மை அற்ப விஷயம்தான். அதைச் சொல்லத்தான் அவனுக்கு நாக்கு எழவில்லை. புவெப்லா ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடும் அந்தக் கார் ஆலையில் இரண்டு கட்சிகள் உண்டு. தண்ணீரே கேட்காமல் காற்றிலேயே குளிர்ந்து ஓடும் வோச்சோவை, அந்த ஆமை முதுகுக் காரைச் செய்கிறவர்கள் காற்றுக்காரர்கள். ரேடியேட்டர் வைத்த புதுக் கார்களைச் செய்கிறவர்கள் தண்ணீர்க்காரர்கள்.

மாமனார் ஃபெர்மின் பரம்பரைக் காற்றுக்காரர். "ஜெர்மன்காரனே செய்யிறத நிறுத்திட்டான். அவனுக்கும் கப்பல்ல ஏத்தி அனுப்பினது நாங்கடா!" என்று மீசையை முறுக்குவார். தண்ணீர் ஊற்றுகிறவன் தன் சாப்பாட்டு மேசையில் உட்காரக் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். ஓய்வு பெற்ற கையோடு தொழிற்சங்கத்தில் பேசி, மருமகனைக் காற்றுக் கொட்டகையில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

இந்த வருடம் தலைநகரத்தில் டாக்சிக்கு நாலு கதவு வேண்டும் என்றார்கள். வோச்சோவுக்கு இரண்டே கதவு. கொட்டகையில் ஆளைக் குறைத்தார்கள். லியோபார்தோவைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளி, ரேடியேட்டரில் திரவம் நிரப்புகிற குழாயைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் திரவம் இளஞ்சிவப்பு. தித்திப்பாக வேறு மணக்கும். அம்பாரோ காதுக்குப் போனால் அது அவள் அப்பா காதுக்கும் போய்விடும்.

மறுநாள் சந்தையில் அம்பாரோ விசாரித்துவிட்டாள்.

"கேண்டீன்ல ஓல்கான்னு யாருமே இல்லையாம்."

"அவ... புதுசு."

"புதுசா? அழகா இருப்பாளோ?"

"சேச்சே, சுமார்தான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போய், சோற்றுக்கே ஒரு பெயர் வைத்துவிட்டான்.

இனிக் கறையே அவள் கண்ணில் படக் கூடாது என்று, அடுத்த நாள் தன் சட்டையைத் தானே துவைத்தான். கல்யாணமான நாளிலிருந்து கைக்குட்டைகூடத் துவைக்காத மனிதன். அம்பாரோ வாசற்படியில் நின்று பார்த்தாள். இரவு தலையணையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் அறைக்குப் போய்விட்டாள்.

மனசு கேட்காமல் சனிக்கிழமை ஒரு பெரிய பூங்கொத்து வாங்கி வந்தான்.

"பாவம் பண்ணினவன்தான் பூ வாங்குவான்," என்றாள் அம்பாரோ. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவனுக்கும் கலங்கியது. இவள் இல்லாமல் தனக்கு ஒரு வேளைச் சோறும் இறங்காது என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. வான்கோழி, மோலே குழம்பு, சுடச்சுடச் சோள ரொட்டி. எல்லோரும் உட்கார்ந்ததும் அம்பாரோ பையிலிருந்து சட்டையை எடுத்து மேசை நடுவில் விரித்தாள். துவைத்தும் போகாத கறை பல்லிளித்தது.

"அப்பா, நான் இங்கேயே இருந்துடுறேன். உங்க மாப்பிள்ளைக்கு ஓல்கான்னு ஒருத்தி இருக்கா."

ஃபெர்மின் கத்தியைக் கீழே வைத்தார். "என்ன மாப்ளே இது?"

லியோபார்தோ மாமனாரைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இந்த மேசையில் இடம் போனாலும் போகட்டும், அவள் பக்கத்தில் இடம் போய்விடக் கூடாது.

"ஓல்காவும் இல்ல, ஒருத்தியும் இல்ல மாமா. நான்... தண்ணிப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. இது ரேடியேட்டர்ல ஊத்துற திரவம்."

அம்பாரோ ஒரு நொடி விழித்தாள். பிறகு சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தன. "தண்ணியா? இதுக்கா என்னை ஒரு வாரமா அழ வச்சே, தடியா?" என்று அவன் தோளில் குத்தி, அந்தத் தோளிலேயே சாய்ந்தாள்.

ஃபெர்மின் மட்டும் சிரிக்கவில்லை. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவக்க எழுந்தார். "தண்ணியா! நான் சேர்த்துவிட்ட இடத்தை விட்டுட்டா? என் வீட்டுச் சட்டம் தெரியுமில்ல?"

லியோபார்தோ நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அம்பாரோவும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அதுவரை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மாமியார் கொன்சுவேலோ அடுப்படியிலிருந்து வந்தார். சட்டையை எடுத்து முகர்ந்தார். மருமகனின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"சோப்புக்கு இது போகாது மாப்ளே, ஈரம் காயறதுக்குள்ள உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்க்கணும். உங்க மாமா ஓய்வு பெறுற வரைக்கும் அவர் சட்டையில இதே கறையை நான் அப்படித்தான் எடுத்தேன்."