முழங்காலுக்கு இரண்டு குல்லா

காற்றை வெளியே விடாமல் அடைக்கிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். காற்றை உள்ளே விடாமல் அடைக்கிற ஆளும் எங்கேயாவது இருக்கலாம். இரண்டு வேலையையும் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து செய்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த பஞ்சர் அண்ணன். பெயர் தெரியாது. கேட்டால், "அது எதுக்கு சார், பழசாயிடுச்சி" என்பார்.

என் மகள் வசந்தி அந்த மலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்ற நான், அவளோடு ஆறு வருடம் அங்கே இருந்தேன். எதையும் எண்ணாமல் கடந்து போக எனக்கு வராது. முதல்முறை மலை ஏறும்போது வளைவுகளை எண்ணினேன். இறங்கும்போது எண்ணியதில் ஒன்று குறைந்தது. வளைவு எங்கே போயிருக்கும் என்ற கவலையில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பஞ்சர் அண்ணனை முதலில் பார்த்தது என் மொபெட்டின் பின்சக்கரம் இறங்கிய அன்று. அவர் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகள் இரண்டை வைத்துக்கொண்டு மஞ்சள் நூலில் எதையோ பின்னிக்கொண்டிருந்தார். கம்பிகளின் முனையை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார்.

"பஞ்சர் பாக்கணும்பா."

"இருங்க சார், இந்த வரிசை முடியட்டும்."

"நான் ஒருத்தன்தானே நிற்கிறேன்?"

"ஒங்க வரிசை இல்ல சார், என் வரிசை."

பாதி வரிசையில் எழுந்தால் கண்ணி நழுவிவிடுமாம். எனக்கு முன்னால் ஒரு ஜீப் டிரைவர் அதே காரணத்துக்காகக் காத்திருந்து, அலுத்து, ஜீப்புக்குள்ளேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒருவழியாக வரிசை முடிந்தது. எழுந்தவர் அந்தப் பின்னலை என் கையில் கொடுத்து, "எத்தினி கண்ணி கீதுன்னு எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டயரைக் கழற்றினார். என்னிடம் போய் எண்ணச் சொல்கிறார்! இரண்டு தரம் எண்ணினேன். எழுபத்தொன்று.

"எழுபத்திரண்டு இருக்கணுமே" என்றார். டயரை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுவதையும் சரசரவென்று பிரித்தார். எண்ணிக்கை தவறியதற்காக ஒரு மனிதர் இவ்வளவு வருத்தப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் மொபெட் சாயங்காலம்தான் தயாரானது. அன்றே அவருடைய கணக்குப்பிள்ளையாகிவிட்டேன்.

லாரி ஓட்டிய காலத்தில், பஞ்சாபில் வண்டி பழுதாகி ஒரு குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடந்தாராம். அப்போது டீக்கடைக்கார அம்மாள் ஒருத்தி கற்றுக்கொடுத்த வேலை இது. வடக்கே லோடு ஏற்றிப்போகிற லாரிக்காரர்கள் திரும்பும்போது அவருக்கு உல்லன் நூல் கொண்டுவந்து போடுவார்கள். அதில் குல்லா, காலுறை, மப்ளர் எல்லாம் பின்னுவார். ஒன்றைக்கூட விற்றதில்லை. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மப்ளர், பஸ் நிறுத்தத்தில் படுத்துக்கிடக்கிற ஆளுக்குக் காலுறை, ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகளுக்குக் குல்லா. எல்லாவற்றிலும் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை தூக்கலாக இருக்கும். அவர் கொடுத்த மப்ளர் போட்ட பிள்ளை வகுப்பில் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

குல்லாவுக்கு அளவு பார்க்க ஒரு பழைய புட்பால் பிளாடர் வைத்திருந்தார். அதில் பம்பால் காற்றடித்து, குல்லாவை மாட்டிப் பார்ப்பார்.

"ரெண்டு அடி அடிச்சா பொறந்த கொழந்தை சார். மூணு அடிச்சா ஆறு மாசம். நாலு அடிச்சா நடக்கிற கொழந்தை."

"அஞ்சு அடிச்சா?"

"வெடிக்கும்."

கடை வாசலில் எப்போதும் ஒரு பிளாடர் குல்லா போட்டுக்கொண்டு தொங்கும். மலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு நிமிடம் திகைத்து நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

இப்படி ஒரு பை நிறைய குல்லா பின்னி வசந்தியிடம் கொடுத்தார். அவள் பிரசவமான தாய்மார்களுக்குக் கொடுத்தாள். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒரு குழந்தை தலையிலும் குல்லாவைக் காணோம். மற்ற இடங்களிலெல்லாம் கண்டோம். ஒன்று ஷேர் ஆட்டோவின் கண்ணாடியில் தொங்கியது. ஒன்றில் ஒருவர் வெற்றிலை வைத்திருந்தார். ஒரு நாள் சிவப்புக் குல்லா போட்ட ஆட்டுக்குட்டி ஒன்று கடை வழியாகத் துள்ளிக்கொண்டு போனது. பஞ்சர் அண்ணன் அதைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"காது ரெண்டும் வெளிய வந்துடுச்சி. மத்தபடி அளவு கரெக்டா கீது" என்று விட்டுவிட்டார்.

வசந்திதான் காரணம் சொன்னாள். "பொறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டாங்கண்ணா. பேர் வைக்கிற வரைக்கும் பழசுதான். ஆயுசு கெட்டியான பெரியவங்க யாராவது உடுத்தின துணியாப் பாத்து சுத்துவாங்க."

"அவ்ளோதானே? பழசாக்கிட்டாப் போச்சு" என்றார் பஞ்சர் அண்ணன்.

முதலில் குல்லாக்களைக் கல்லில் அடித்துத் துவைத்தார். பிறகு போளூர் பஸ் கிளம்பும்போது சக்கரத்துக்கு அடியில் வரிசையாக வைத்தார். டயர் அச்சு விழுந்த குல்லாக்கள் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்: "பஸ்ஸு ஏறினா பழசாயிடுமா? மனுசங்க யாராச்சும் போட்டிருக்க வேணாமா?"

பஞ்சர் அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு இன்னா வயசு சார்?"

"எழுபத்துநாலு."

"சுகரு?"

"இல்லை."

"பல்லு?"

"இருபத்தாறு."

"போதும்" என்று சொல்லி ஒரு குல்லாவை என் தலையில் வைத்தார். இரண்டு பம்பு அடித்த அளவு. அது என் உச்சியில் தூக்குச்சட்டி மூடி மாதிரி நின்றது. தும்மினேன். விழுந்தது. தலை சரிப்படாது என்றதும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டு வந்தவர் பார்வை முழங்காலில் நின்றது. எனக்கு முட்டி வலி என்பது அந்த மலைக்கே தெரியும். அவ்வளவு தூரம் சொல்லிவைத்திருந்தேன்.

அன்றிலிருந்து வலது முட்டிக்கு ஒரு குல்லா, இடது முட்டிக்கு ஒரு குல்லா, நழுவாமல் இருக்கப் பழைய டியூப் ரப்பரில் ஆளுக்கொரு கட்டு. மூன்று நாள் போட்டுக் கழற்றினால் அவை பழசு. வசந்தி துவைத்துக் காயவைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போவாள். அரிக்கிறது என்றேன், கேட்பாரில்லை. கால் வழியாகச் சொல்யூஷன் வாசனை ஏறித் தலை சுற்றுகிறது என்றேன். "அது பசி" என்றாள் வசந்தி.

வேட்டி மறைத்ததால் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் டீக்கடையில், பழக்கதோஷத்தில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். உச்சியில் குஞ்சம் வைத்த இரண்டு குல்லாக்கள், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, கடையிலிருந்த அத்தனை பேரையும் பார்த்தன. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார்.

"இன்னா சார், ரெட்டைப் புள்ளையா?"

"மூத்தது எது சார்?"

"காது குத்தல் எப்போ? சொல்லி அனுப்புங்க, வந்துடறோம்."

நான் அரை டீயோடு எழுந்து வந்துவிட்டேன். மறுநாளே கழற்றி எறிந்திருப்பேன். ஆனால் அன்று மதியம் வசந்தி வந்து, "அப்பா, மூணு குழந்தை குல்லா போட்டிருக்குப்பா" என்றாள். "யார் போட்டதுன்னு கேட்டாங்க. சர்வேயர் போட்டதுன்னேன். எழுபத்துநாலு வயசுன்னதும் வாங்கி மாட்டிட்டாங்க." அதன்பிறகு நான் வேட்டியை மடித்துக் கட்டுவதைத்தான் விட்டேன்.

ஒரே கவலை, மலையில் குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்தன, எனக்கு முட்டி இரண்டுதான்.

அந்தக் கவலை ஒரு மார்கழிக் காலையில் நிஜமாகிவிட்டது. மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. என் கையால் இரண்டு சாண் நீளம்கூட இல்லை. தாயின் நெஞ்சோடு ஒட்டவைத்துப் போர்த்தியிருந்தார்கள். தலை வழியாகத்தான் சூடெல்லாம் போய்விடும், தலையை மூடியே ஆகவேண்டும் என்று வசந்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் குழந்தையின் அத்தை காளியம்மா, வைத்த புதுக் குல்லாவைக் கழற்றிக் கழற்றி வைத்தாள். பதிலுக்கு அவள் சுற்றிய பழைய வேட்டித் துண்டு, அந்தச் சின்னத் தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, குழந்தை சில்லிட்டுப் போகுதும்மா!"

"எனக்குத் தெரியாதா நர்ஸம்மா? இதுக்கு முன்ன ஒண்ணு தங்கலை. அதுக்குப் புதுசு போட்டுட்டோம். இதுக்கும் போடச் சொல்றியா?"

வசந்தி குல்லாப் பையைத் துழாவினாள். பழசாக்கி வைத்த குல்லா ஒன்றுகூட மிச்சமில்லை. எனக்கும் பஞ்சர் அண்ணனுக்கும் ஆள் அனுப்பினாள். நான் ஓடினேன். முட்டி வலியோடு எவ்வளவு ஓடமுடியுமோ அவ்வளவு. வராந்தாவில் வேட்டியை விலக்கி, முட்டியிலிருந்து குல்லாவை உருவி நீட்டினேன்.

காளியம்மா வாங்கிப் பார்த்தாள். "எத்தினி நாளாப் போட்டிருக்கீங்க?"

பத்து நாள் என்று சொல்லியிருக்கலாம். வசந்தியின் கண் அதைத்தான் சொன்னது. ஆனால் எண்ணிக்கை என்று வந்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்பதில்லை.

"இன்னிக்குக் காலையிலேதான் மாட்டினேன்."

அவள் குல்லாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உள்ளே குழந்தை ஒரு தரம் அழுதது. பூனைக்குட்டி அளவுகூடச் சத்தமில்லை.

அப்போதுதான் பஞ்சர் அண்ணன் வந்தார். கையில் போக்ஸ் கம்பிகள். பின்னாலேயே திருப்பத்தூர் பஸ்ஸின் கண்டக்டர், "அண்ணா, டயர் கழட்டிப் போட்டது போட்டபடி கீதுண்ணா" என்று ஓடிவந்தார். பஞ்சர் அண்ணன் விஷயத்தைக் கேட்டார். குழந்தையை எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முட்டியைப் பார்க்கவில்லை. என் ஸ்வெட்டரைப் பார்த்தார்.

அது பழுப்பு நிற ஸ்வெட்டர். ஏலகிரியில் நிலம் அளக்கப் போனபோது வாங்கியது. அது இல்லாவிட்டால் எனக்கு நிமோனியா வந்துவிடும் என்று உறுதியாக நம்பி, குளிர்காலம் முழுக்கக் கழற்றாமல் போட்டிருப்பேன்.

"சார், இது எத்தினி வருசம்?"

"முப்பத்தொன்று" என்று நாக்கு சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது.

காளியம்மா கிட்டே வந்து கைப்பகுதியை முகர்ந்து பார்த்தாள். "பழசுதான்" என்றாள், சந்தேகமே இல்லாமல். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்: "நூலு பழசு. அதுல பின்னுற குல்லா புதுசாச்சே?"

"அக்கா, பழைய டியூபை அறுத்து ஒட்டுப் போடறேன். ஒட்டு புதுசா, பழசா?"

காளியம்மா யோசித்தாள். அவர் சொன்னது சரிதானா என்று நானும் யோசித்தேன். இன்றுவரை யோசிக்கிறேன்.

"பழசுதான்" என்றாள்.

நான் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவர் கழுத்துப் பக்கம் ஓர் இழையைப் பிடித்து அறுத்து, இழுத்தார். முப்பத்தொரு வருடம் சரசரவென்று வர ஆரம்பித்தது. காளியம்மா ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு இழையை விட்டுக்கொடுத்தாள். கண்டக்டர் அதை உருண்டையாகச் சுற்றினார். பஞ்சர் அண்ணன் வராந்தாவில் சம்மணம் போட்டு, இரட்டை இழையாகப் பின்னினார். நான் சட்டையோடு நடுங்கிக்கொண்டு கண்ணியை எண்ணினேன்.

"மெல்ல வுடுக்கா, அறுந்துடும்."

"நீ வேகமாப் பின்னு, எனக்குச் சொல்லாத."

பஸ்ஸில் காத்திருந்தவர்கள் சண்டை போடத்தான் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். டிரைவர் மட்டும், "வரிசை எத்தினிண்ணா?" என்று தாழ்ந்த குரலில் ஒரு தரம் கேட்டார். யாரோ எனக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டார்கள்.

குல்லா முடிந்தது. காளியம்மாவே வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் வராந்தாவிலேயே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து வசந்தி எட்டிப் பார்த்து, "சரியா இருக்குண்ணா" என்றாள். பஞ்சர் அண்ணன் கம்பிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பஸ் டயரைப் பார்க்கப் போனார். சாயங்காலம் குழந்தையின் உடம்பில் சூடு தங்கியது. பொங்கலுக்குப் பிறகு அது வீட்டுக்குப் போனது. அடுத்த சித்திரையில் தடுப்பூசிக்கு வந்தபோது தலை பெருத்து, அந்தக் குல்லா உச்சியில்தான் நின்றது. வேர்த்து ஊற்றுகிற வெயிலிலும் காளியம்மா அதைக் கழற்றவில்லை.

என் ஸ்வெட்டரின் மிச்சம் பஞ்சர் அண்ணனிடமே தங்கிவிட்டது. அதன்பின் அவர் பின்னிய ஒவ்வொரு குல்லாவிலும் முதல் இரண்டு வரிசை அந்தப் பழுப்பு நூல். மேலே சிவப்போ பச்சையோ எதுவாக இருந்தாலும், நெற்றியைத் தொடுகிற இடம் பழசு. யாரும் மறுக்கவில்லை. என் முட்டிகளுக்கு விடுதலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால், சில நாள் அவற்றுக்குக் குளிரெடுத்தது.

போன வருடம் வசந்திக்குத் திருப்பத்தூருக்கு மாற்றல். சாமான்களை வண்டியில் ஏற்றியபிறகு பஞ்சர் அண்ணன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஸ்வெட்டர். மிஞ்சிப்போன நூல்களையெல்லாம் போட்டு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று எட்டு நிறத்தில் பின்னியிருந்தார். இடது கை வலது கையைவிட இரண்டு விரல் நீளம். கழுத்தில் மட்டும் இரண்டு வரிசை பழுப்பு.

"எனக்கு எதுக்குப்பா இந்தப் பழைய நூலு?"

"நீங்களும் நல்லா இருக்கணும் இல்ல சார்" என்றார். பிறகு, மூன்று பேர் கடையில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

திருப்பத்தூரில் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிர் கிடையாது. இடது கையை மட்டும் குறைத்துத் தரட்டுமா என்று வசந்தி கேட்டாள். தொடாதே என்று சொல்லிவிட்டேன். நீளமாக இருந்தால்தான், எழுதும்போது தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.