பார்க்காமலே ஜெயிக்க வைப்பவர்

விளையாட்டு என்றால் ஆடுகிறவர்கள், பார்க்கிறவர்கள் என்று இரண்டே இனம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவதாக ஒன்று உண்டு. மைதானத்துக்கு வெகு தூரத்தில், சோபாவில் சாய்ந்து, கையில் பியரும் மடியில் சில்லிக் குழம்புக் கிண்ணமுமாக, முழு ஆட்டத்தையும் தன் இடது குதிகாலால் நடத்திக்கொண்டிருக்கும் ராசிக்கார ரசிகர். பயிற்சியாளருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம். இவருக்குக் காலணா கிடையாது. ஆனால் ஜெயிக்க வைப்பதென்னவோ இவர்தான்.

நெப்ராஸ்காவில் எங்கள் தெருவில் இந்த ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் தேறுவார்கள். அவர்களில் உச்சாணிக் கொம்பில் இருப்பவர் என் பக்கத்து வீட்டு வெண்டல் கூபிச்செக். டிராக்டர் உதிரி பாகம் விற்கிறவர். வாரநாட்களில் நல்ல புத்திசாலி. சனிக்கிழமை வந்து, எங்கள் கல்லூரியின் முள்ளம்பன்றிகள் அணி களமிறங்கிவிட்டால் போதும், முதல் வெற்றியன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் மாட்டிக்கொண்டு, மனைவி லவானைப் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியோடு அடுப்பருகே நிறுத்தி, நாயைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்து, மைத்துனன் டுவெய்னை வலது காலை மடக்கச் சொல்லி, அப்புறம்தான் டிவியைப் போடுவார். ஒரு தடவை நான் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போன நேரம் பார்த்து நம்மவர்கள் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஏணியை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். சனிக்கிழமை நான் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்!

அணியில் அவருடைய மகன் கோல்பியும் இருக்கிறான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேனே. கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்த ஜனங்கள், காலால் உதைப்பதற்கென்று தனியாக ஒருவனை வைத்திருக்கிறார்கள். கோல்பி அந்த ஒருவனும் இல்லை. அவனுக்கு ஏதாவது ஆனால் இறங்க வேண்டிய மாற்று ஆள். உதவித்தொகை கிடையாது, சொந்தச் செலவில் சேர்ந்து, மூன்று வருடமாக பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு, மகன் கொடுத்த டிக்கெட்டில் வெண்டல் மைதானத்துக்கே போனார். தோற்றுவிட்டார்கள்.

"கோல்பி ஆடவே இல்லையே வெண்டல், பெஞ்சுலதான உக்காந்திருந்தான்?" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"அவன் பெஞ்சுல உக்காந்ததுல தப்பே இல்ல. நான் அங்க போய் உக்காந்ததுதான் தப்பு."

அதோடு மைதானம் போயிற்று. பிறகு சோபாவும் போயிற்று. அக்டோபரில் ஒரு நாள் நம்மவர்கள் செம அடி வாங்கிக்கொண்டிருந்தபோது, ஐஸ் எடுக்க வெண்டல் கார் ஷெட்டுக்குப் போனார். வீடே அதிர்ந்தது; புள்ளி எடுத்துவிட்டார்கள். ஓடி வந்தார், எதிரி எடுத்தான். மறுபடி போனார், நம்மவர்கள் எடுத்தார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

"மச்சான், தப்பா நெனச்சுக்காத. கொஞ்ச நேரம் அங்கயே இரேன்," என்றான் டுவெய்ன்.

இருந்தார். ஜெயித்தார்கள். அன்றிலிருந்து புல்வெட்டும் இயந்திரத்துக்கும் மான்கறி ஃப்ரீசருக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலி. டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. உள்ளே எழும் கூச்சலை வைத்து அவரே ஊகித்துக்கொள்ள வேண்டியது. அணியை எவ்வளவு நேசிக்கிறாரோ அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டார்!

கடைசி ஆட்டம், நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு மறுநாள். வெளியே பனி. ஆறு ஆட்டம் ஜெயித்த அணியைத்தான் டிசம்பரில் பெரிய ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். நம் கையில் ஐந்து இருந்தது. முடிய சில வினாடிகளே பாக்கி. இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். ஒரே ஒரு உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. உதைக்க வேண்டியவனோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே போகிறான். கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பியது.

லவான் ஷெட் கதவுக்கு ஓடினாள். "வெண்டல்! நம்ம கோல்பி! நம்ம புள்ள உதைக்கப் போறான், வா!"

"அக்கா, கதவ மூடு! மச்சான் உள்ள வந்தா எல்லாம் போச்சு!"

"வாய மூடுடா! பெத்தவன் பாக்கக் கூடாதா?"

கதவு பாதி திறந்தது. வெண்டல் நின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. ஓர் எட்டு எடுத்து வைத்தால் டிவி தெரியும்.

"பயந்த மாதிரி இருக்கானா?" என்று கேட்டார்.

"நீயே வந்து பாரு."

"எனக்குப் பாக்கணும்தான் லவான். ஆனா அவன் ஜெயிக்கணும்ல?"

சொல்லிவிட்டு அவரே கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்து நேராகப் போகாமல் கோணிக்கொண்டு போய், இடது கம்பத்தை உரசி, யோசித்து, உள்ளே விழுந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெண்டல் பாய்ந்து வந்தார்.

"நான் சொல்லல? கண்ண வேற இறுக்கி மூடிக்கிட்டேன்ல!"

"ரீப்ளே போடறான், இப்பவாவது பாரு," என்றாள் லவான்.

"வேணாம் வேணாம்!" என்று திரும்பி நின்றுகொண்டார். "இப்ப நான் பாத்து ஏதாவது ஆயிட்டா?"

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, பாத்தியா?"

"பாக்கலடா! ஷெட்லயே இருந்தேன்! அதனாலதான் உள்ள போச்சு!"

அந்தப் பக்கம் மைதானத்தின் இரைச்சல் கேட்டது.

"ஓ," என்றான் கோல்பி. "நான் உதைச்சதால போச்சுன்னு நெனச்சேன்."

அடுத்த வருடம் கோல்பிதான் முதல் ஆள் என்று பயிற்சியாளர் அறிவித்துவிட்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும் உதைப்பான். வெண்டல் அதற்கான ஏற்பாட்டில் இறங்கிவிட்டார்: ஷெட்டுக்கு ஒரு ஹீட்டர் வாங்கியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் முடிகிற வரை முட்டிக்கொண்டு வந்தாலும் எழுந்திருக்காதவர், "நீ வந்தாதான்டா விக்கெட் போகுது" என்று வீட்டில் ஒருவரை விரட்டியவர், மகள் மேடையேறிப் பாடும்போது தன் கண் பட்டுவிடும் என்று வராந்தாவில் போய் நின்றவர், நீங்களாக இருக்கவே முடியாது. எதற்கும், அந்தப் பெண் கீழே இறங்கி வந்து "பாத்தியாப்பா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.