மூன்று பாடகர்களுக்கு நான் நடத்திய கேதம்

எங்கள் பக்கத்தில் ஒரு சினிமாவின் முடிவை டைரக்டர் தீர்மானித்ததில்லை. மதுரையிலிருந்து கம்பம் போகும் கடைசி பஸ்தான் தீர்மானித்தது. கதாநாயகி கிணற்று விளிம்பில் நிற்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால், அவள் நின்றபடிதான். குதித்தாளா, கல்யாணம் செய்துகொண்டாளா என்பதை உசிலம்பட்டி தாண்டுவதற்குள் நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

என் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில், மதுரையில் ஒரு சினிமா சங்கத்தில். ஆங்கிலப் பாட்டுப் படம், முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது. முழங்கால் வரை முடி வளர்த்த மூன்று அண்ணன் தம்பிகள், வானத்தில் ஓடும் ஓர் ஆற்றில் பாடிக்கொண்டே எதிர்நீச்சல் போடுவார்கள். ஆறு ஊதாவாகும், மஞ்சளாகும், பிறகு காரணமே இல்லாமல் பூசணிக்காயாகும். மீனுக்குத் தொப்பி, யானைக்குச் சிறகு. (போதையில் இருந்தவர்கள் வரைந்தது என்று சங்கத்தில் சொன்னார்கள். என் அனுபவமெல்லாம் இருமல் மருந்தோடு சரி.) கடைசியில் கால் முளைத்த ராட்சதக் கடிகாரம் ஒன்று துரத்தி வந்து மூவரையும் ஒவ்வொருவராக விழுங்கும். மூன்றாமவன் வாய்க்குள் போகும்போது எனக்குப் பஸ். சங்கம் அதே படத்தை மறுபடி போட்டபோதும் போனேன். மறுபடியும் மூன்றாமவனோடு எழுந்து ஓடினேன்.

இரண்டு முறையும் பஸ்ஸில் அழுதேன். காலம் கலையை விழுங்கிவிடுகிறது, இதைவிடத் துணிச்சலான முடிவை எவன் எடுப்பான் என்று நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மற்ற ஆசிரியர்களைப் பிடித்துவைத்துச் சொன்னேன். கணக்கு வாத்தியார் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகும் அளவுக்குச் சொன்னேன்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்குப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர். அந்த வருஷம்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். தேவாரத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த அந்தோணிச்சாமி, மகள் செலினை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். யோசிக்கக் காரணம் இருந்தது. நான் சாமியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவன். தையல் மெஷின் ஏஜென்சி எடுத்து அதையும் பாதியில் விட்டவன். “பையன் தங்கமான பையந்தான். எதையும் கடைசி வரைக்கும் இருந்து செய்வாரா, அதான் தெரியல” என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் செலினை ஒரு திருவிழாவில் பார்த்திருந்தேன். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்ற நிலையில் இருந்தேன்.

இந்த நேரத்தில் கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பரில், இறந்தவர்களின் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி, சாவை நினைத்துப் பார்க்கும் நாள். அன்று சாயங்காலம் ஊருக்குத் தகுந்த படம் ஒன்று காட்டவேண்டும் என்று பங்குச்சாமியார் ஆசைப்பட்டார்.

“சாமி, சாவைப் பத்தி இதுக்கு மேல ஒரு படம் கெடையாது” என்றேன்.

“முடிவு நல்லா இருக்குமா வாத்தியாரே?”

“முடிவுதான் சாமி படமே.”

படப்பெட்டியையும் புரொஜெக்டரையும் எடுத்துக்கொண்டு, சங்கத்தில் படம் ஓட்டுபவரே மதுரையிலிருந்து வந்தார். கோயில் சுவரில் திரைக்கு வேட்டி கட்டினோம். கல்லறையிலிருந்து ஊரே நேராக வந்து உட்கார்ந்தது. அந்தோணிச்சாமி, மனைவி வழிச் சொந்தங்களின் கல்லறைக்கு வந்தவர், குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். பெண்கள் பக்கம் செலின். ஆங்கிலப் படம் என்பதால் கதையை மைக்கில் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு. அந்தோணிச்சாமி கேட்கட்டும் என்று அவர் பக்கமே திரும்பி உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆத்தாடி, யானை பறக்குது!” என்றாள் ஒருத்தி. யானை மனிதனின் ஆணவம் என்று விளக்கினேன். பூசணிக்காய் உலக இன்பம் என்றேன். எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள்.

கடிகாரம் மூன்றாமவனை விழுங்கியது. நான் எழுந்து நின்றேன். (பழக்கதோஷம். பஸ்ஸுக்கு எழுந்த கால்கள்.) “இவ்வளவுதான் மனித வாழ்க்கை. இந்த மூன்று சகோதரர்களின் ஆன்மாவுக்காக எல்லோரும் எழுந்து செபிப்போம்” என்றேன். புரொஜெக்டர்காரர் இரண்டு கைகளையும் ஆட்டினார். சத்தம் போதவில்லை என்கிறார் என்று நினைத்து மைக் சத்தத்தைக் கூட்டினேன்.

ஊர் எழுந்தது. பெண்கள் முந்தானையால் தலையை மூடினார்கள். செபம் பாதியில் இருக்கும்போது கடிகாரத்துக்கு விக்கல் எடுத்தது. வாயிலிருந்து மூன்று பேர் வந்து விழுந்தார்கள். வரைந்த ஆட்கள் அல்ல. ரத்தமும் சதையுமான நிஜ மனிதர்கள். கோட்டைத் தட்டிவிட்டு, எங்களைப் பார்த்துக் கண்ணடித்து, மேளம் அடித்துப் பாட ஆரம்பித்தார்கள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையில் மைக் இருப்பவனுக்கு அது தோன்றுவதில்லை. “இவர்கள்... இறந்தவர்களின் பெரியப்பா மக்கள்” என்றேன். “துக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்.”

“கேதத்துக்கு வந்தவுக இப்பிடியா சிரிப்பாக?” என்றது ஒரு குரல்.

“அவுக ஊருல கொட்டு அடிச்சுத்தான் எடுப்பாக போல” என்றது இன்னொரு குரல். நியாயம்தான் என்று கூட்டம் மறுபடி கைகூப்பியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்தோணிச்சாமி மெல்ல எழுந்தார்.

“தம்பி, நடுவுல உள்ளவனுக்கு எடது கன்னத்துல மச்சம் இருந்துச்சு. இவருக்கும் அங்கனயே இருக்கே?”

“குடும்ப மச்சம்” என்றேன்.

அதற்கு மேல் புரொஜெக்டர்காரரால் பொறுக்க முடியவில்லை. “சார், அவுக சாகவே இல்ல சார்! ரெண்டு தடவையும் நீங்கதான் பஸ்ஸுக்கு எந்திருச்சு ஓடிட்டீக!” என்று கத்தினார். நான் கூட்டிவைத்த மைக் அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது.

என் கல்யாணம் போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கிளம்பியது. செலின். முந்தானையை வாயில் திணித்தும் அடங்கவில்லை. பிறகு ஊரே சிரித்தது.

சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. கடைசிப் பகுதியைத் திரும்பப் போடச் சொல்லி, என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். எனக்கு மிகவும் பிடித்த படத்தின் முடிவை நான் முதன்முதலாகப் பார்ப்பதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. நல்ல முடிவு. நான் எடுத்த முடிவைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த வாரம் தேவாரத்திலிருந்து தகவல் வந்தது. “பாதியில போற ஆளுதான். ஆனா எம்மக இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. பேசி முடிங்க.” கல்யாணத்தன்று மாமா கோயில் வாசல் கதவோரமாகவே நின்றார். கேட்டவர்களிடம், “பஸ்ஸு எதும் வந்தா மாப்ளைய மறிக்கணும்ல” என்றார்.

அது முதல் பூசையில், பந்தியில், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நான் எங்கே எழுந்தாலும், “கடைசி பஸ்ஸா?” என்று கேட்பது குடும்ப வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்காத என் பிள்ளைகளும் கேட்டார்கள்.

மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் ஒருநாள் கண்ணை மூடி அசையாமல் இருந்தார். நான் பதறிப்போய் எழுந்தேன். ஒரு கண்ணைத் திறந்தார். “மாப்ள, நீங்களா முடிவு பண்ணி மைக்கப் புடிச்சிராதீக. செத்தோடன கெளம்பிராம, கொஞ்ச நேரம் நின்னு பாருங்க” என்றார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் மண் போட்டுவிட்டுப் போனார்கள். சொன்னாரே என்று நான் நின்றேன். ரோட்டில் பஸ் வந்து ஆரன் அடித்தது. நான் செலினைப் பார்த்தேன்.

“போகட்டும் விடுங்க” என்றாள். “இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்.”