கருப்புத்திரை அக்கா

தூத்துக்குடியில் மவுஸைத் தொடுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்த ஒரே ஆள் எங்கள் கருப்புத்திரை அக்காதான். மில்லர்புரத்தில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் அவருடைய மவுஸ் மட்டும் எப்போதும் மல்லாந்து கிடக்கும். கருப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடும் டெர்மினல், அதற்குள் புரோகிராம் எழுத ஒரு எடிட்டர்; அவருக்கு அது போதும். புதிதாகச் சேர்ந்தவர்கள், பாவம் இந்த அம்மாவின் கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

துறைமுகத்துக்கு வரும் லாரிகளை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று சொல்லும் புரோகிராம் எங்களுடையது. ஒரு மதியம் அதன் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு, அக்கா திரையிலேயே வேறு ஜன்னலில் மெயில் பார்க்கப் போனார். அந்த நேரத்தில், உடன் வேலை பார்த்த புன்னைக்காயல்காரன் அந்தோணி அதே ஃபைலில் ஒரு கப்பலுக்கான வாசலை மாற்றிச் சேமித்தான். அக்கா திரும்பி வந்தபோது அவர் முன்னால் இருந்தது பழைய பிரதி. அதில் ஒரு வரி சேர்த்துச் சேமித்தார். 'ஃபைல் வெளியே மாறியிருக்கிறது, எழுதட்டுமா?' என்று எடிட்டர் கேட்கத்தான் செய்தது. பழக்கத்தில் விரல் 'ஆம்' என்று தட்டிவிட்டது. அந்தோணியின் திருத்தம் போயிற்று. லாரிகள் தப்பான வாசலில் வெயிலில் நின்றன. டிரைவர்கள் போனில் பேசிய தமிழை அச்சில் ஏற்ற முடியாது.

முதலாளி அந்தோணியைப் பிடித்துக்கொண்டார். அக்கா எழுந்து, "அவன் இல்ல சார், நாந்தான்" என்றார். உட்கார்ந்தவர் என்னிடம், "நான் வேற ஜன்னலுக்குப் போறதும் வாரதும் எடிட்டருக்குத் தெரியணும்லா?" என்றார். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

ஜன்னல் மாறும்போதெல்லாம் ஒரு சங்கேதம் அனுப்ப டெர்மினலுக்குத் தெரியுமாம். அதை எடிட்டரோடு இணைத்தார். போகும்போது தானே சேமிக்க வேண்டும். வரும்போது ஃபைல் மாறியிருந்தால் தானே புதிதாகப் படிக்க வேண்டும். முதல் முயற்சியில், இடையில் இருந்த இன்னொரு புரோகிராமுக்குச் சங்கேதம் புரியாமல் அதை எழுத்தாகக் கொட்டிவிட்டது. ஒரு கப்பலின் பெயருக்கு முன்னால் ஆங்கில 'ஐ' எழுத்து ஒட்டிக்கொண்டது. அந்தக் கப்பலின் ஏஜென்ட் போன் செய்தார்.

"ஏம்மா, எங்க கப்பலுக்கு எதுக்கு இனிஷியல் போடுதிய?"

அக்கா சிரிக்கவில்லை. சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

அது ஒழுங்காக வேலை செய்ததைப் பார்த்த முதலாளிக்கு வேறு யோசனை வந்தது. "யம்மா, நம்ம பயலுவ எப்ப வேற பக்கம் போறானுவன்னும் இது சொல்லுமா?"

"சொல்லும் சார்."

"அப்ப எல்லார் மிஷின்லயும் போட்டு, சாயங்காலம் எனக்குக் கணக்குக் குடுத்திரு."

அந்தோணியின் மனைவிக்கு அப்போது நிறைமாதம். ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று அவன் அடிக்கடி வேறு ஜன்னலுக்குப் போய் வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் முகம் செத்துவிட்டது.

"அது முடியாது சார்" என்றார் அக்கா. "ஃபைல் மாறியிருக்கான்னு பாக்கத்தான் எழுதுனேன். ஆளு எங்க பாக்கான்னு பாக்க இல்ல. கண்டிப்பா வேணும்னா வேற ஆள வச்சுக்கிடுங்க."

குரல் உயரவில்லை. முதலாளி தன் அறைக்குப் போனார். அன்று சாயங்காலம் அக்கா எப்போதும் மேஜையிலேயே விட்டுப்போகும் டம்ளரையும் சாப்பாட்டுப் பையோடு சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தார். முதலாளி அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்தோணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் விடுப்பில் இருந்தவரை அவன் வேலையையும் அக்காவே பார்த்தார்; தன் எடிட்டரில் செய்ததை அவன் மிஷினிலும் போட்டுவைத்தார். திரும்பி வந்த அன்று, அவன் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு வேறு ஜன்னலுக்குப் போய் வந்தான். ஃபைல் தானே புதுப்பித்துக்கொண்டது. மேலே, புரோகிராம் கண்டுகொள்ளாத குறிப்பாக, ஒரு புது வரி இருந்தது: 'பாப்பா ஒழுங்கா பால் குடிக்காளா?'

எதிர் மேஜையில் அக்கா தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இப்போது சென்னையில் இருக்கிறார். அந்த ஃபைலை நாங்கள் எத்தனையோ முறை மாற்றி எழுதிவிட்டோம். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் அழிக்கவில்லை.