நட்சத்திர ஆள்மாறாட்டம்

என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தானியேல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் டைம் ஆபீஸ் சூப்பர்வைசர். எவன் கார்டை எவன் தேய்க்கிறான், எவன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டே டியூட்டியில் இருக்கிறான் என்பதையெல்லாம் கேட்டில் நின்றபடியே கண்டுபிடித்துவிடுவேன். ஆலையில் எனக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். வீட்டில் எனக்கு 'இன்னாங்க' என்று பெயர்.

பிரச்சினை என் மகள் ஷைனியால் வந்தது. மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் டேப்லெட் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அதில் வாசிப்பு ஆப் ஒன்று. பிள்ளை சத்தமாகப் படித்தால் அது காது கொடுத்துக் கேட்கும். சரியாகப் படித்த சொல் பச்சையாகும், தப்பினால் சிவப்பாகும். பச்சை சேர்ந்தால் நட்சத்திரம். எழுத்து, சொல், வாக்கியம், கதை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வீட்டிலும் பழகட்டும் என்று பெற்றோர் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்திருந்தார் ஹெலன் டீச்சர். வகுப்பே கதைக்குப் போய்விட்டது. ஷைனி மட்டும் சொல்லிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் என் மனைவி கிரேஸிடம் சபதம் போட்டேன்.

"இன்னிலேருந்து ஷைனி படிப்பு என் டிபார்ட்மெண்ட்டு. நீ தலையிடக் கூடாது. ஸ்கூல் வாசிப்பு விழாவுல அவ கதை படிப்பா. இல்லேன்னா நான் சூப்பர்வைசரே இல்ல."

"கத்தாம சொல்லிக் குடுப்பீங்களா?"

"நான் எப்ப கத்துனேன்?" என்று கத்தினேன்.

கிரேஸ் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத நேரங்களில்தான் எனக்குப் பயம்.

எனக்குக் காலை ஷிப்ட். மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். கிரேஸ் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள், வேன் அவளைச் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இறக்கிவிடும். நடுவில் ஷைனி என் ஆட்சியில். முதல் நாள் அவள் ஒரு சொல் படிப்பதற்குள் நான் பத்துச் சொல் சொன்னேன். கொட்டாவி விடாதே, நிமிர்ந்து உட்கார், வாயைத் திற. ஆப் பாவம், அதையும் பாடம் என்று கேட்டுச் சிவப்பாகப் போட்டுத் தள்ளியது. ரோலிங் மில் இரைச்சலில் பழகிய தொண்டை என்னுடையது. ஷைனி அழுதுவிட்டாள். மறுநாள் என் தலையைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

அப்போதுதான் அடுத்த வீட்டு ஜெனிபரின் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பு. எதைக் கொடுத்தாலும் சென்ட்ரல் போகிற ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி நிற்காமல் படிப்பாள். எங்கள் ஆலையின் வருகைப்பதிவு மிஷின் கார்டைத்தான் கேட்கும், தேய்ப்பது யார் கை என்று கேட்காது. இந்த ஆப்பும் குரலை மட்டும்தான் கேட்கிறது. யார் குரல் என்று கேட்பதில்லை.

ஜெனிபருக்குத் தினம் ஒரு சாக்லேட். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, ஷைனி பெயரில் அவள் படிக்க வேண்டும். ஷைனி பக்கத்தில் சும்மா இருந்தால் போதும். ஊரார் ஆள்மாறாட்டத்தைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் சொந்த வீட்டில் அதற்கு ஆர்டர் போட்டேன். கிரேஸ் சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நானே வாசல் கேட்டில் காவல் நின்றேன். விளையாடக் கூப்பிட வந்த தெருப் பிள்ளைகளையும் ஒன்று விடாமல் விரட்டினேன். ரகசியம் முக்கியம் அல்லவா.

பலன் பிரமாதம். ஷைனி வாக்கியத்துக்கு ஏறினாள். கதைக்கும் ஏறினாள். நட்சத்திரங்களைப் படம் பிடித்து ஷிப்ட் குரூப்பில் போட்டேன். கேன்டீனில் குழந்தை வளர்ப்பு பற்றிச் சொற்பொழிவு ஆற்றினேன். ஃபிட்டர் சுப்பராயன் அதே பள்ளியில் படிக்கும் தன் மகனுக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். பொறுமை வேண்டும் என்று சொன்னேன். கிரேஸ்கூட ஒருநாள் மீன் குழம்பில் தலைத்துண்டை என் தட்டில் வைத்தாள்.

விழாவுக்கு முதல் நாள் ஹெலன் டீச்சரிடமிருந்து போன். ஷைனிதான் முதலில் படிக்கப் போகிறாளாம். இதுவரை எந்தப் பிள்ளையும் பார்க்காத புதுக் கதையாம். டேப்லெட்டைப் பெரிய திரையில் இணைத்து, எல்லாப் பெற்றோர் முன்னிலையிலும் நடக்குமாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மானம் கிடக்கட்டும். சொல்லைத் தாண்டாத பிள்ளை அத்தனை பேர் எதிரில் வாயடைத்து நிற்குமே.

"ஷைனிக்கு உடம்பு சுடுது போலக்குதே. நாளைக்கு வோணாமே."

கிரேஸ் ஷைனியின் நெற்றியைத் தொட்டாள். பிறகு என் நெற்றியைத் தொட்டாள்.

"உங்களுக்குத்தான் சுடுது. மாத்திர போட்டுக்கினு படுங்க. காலையில முன்வரிசையில உக்காரணும்."

உட்கார்ந்தேன். பக்கத்தில் சுப்பராயன். ஷைனி டேப்லெட்டைக் கையில் எடுத்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். குரல் கேட்டது. சோழவரம் ஏரிக்கு வழிதவறி வந்த ஒரு குட்டி வாத்தின் கதை. திக்கவில்லை, திணறவில்லை. கண்ணைத் திறந்தால் திரை முழுக்கப் பச்சை, நடவு முடிந்த வயல் மாதிரி. வாத்து தன் அம்மாவைக் கண்டுபிடிக்கும் இடத்தில் ஷைனி குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்தாள். என் பொண்ணு, என் பொண்ணு என்று பெருமையில் சுப்பராயன் தோளைப் பிடித்து உலுக்கினேன். டீச்சர் மைக்கை நீட்டினார். பொறுமையின் மகிமை பற்றி, கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுக்கும் வரை பேசினேன்.

வண்டியில் திரும்பும்போதுதான் சந்தேகம் வந்தது. எப்படிம்மா படித்தாய் என்று முன்னால் நின்றிருந்த ஷைனியைக் கேட்டேன்.

"டெய்லி நான்தானேப்பா படிச்சேன். தப்பு வந்தா மட்டும் ஜெனி அக்கா சொல்லும். அது திட்டாது."

வண்டியை ஓரம் கட்டினேன். அத்தனை நட்சத்திரமும் என் மகள் சம்பாதித்தவை. அவளுக்காக நான் ஓர் ஆளை வைத்தேன், அந்த ஆளுக்குப் பதிலாக அவளே படித்திருக்கிறாள். எக்ஸ்ரே தெருவைப் பார்த்து நின்றிருக்கிறது. கோபம் வரவேண்டிய இடத்தில் மறுபடியும் பெருமைதான் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த கிரேஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஜெனிபர் மொத நாளே எங்கையில சொல்லிடுச்சி," என்றாள். "சாக்லேட்ட வாங்கிக்கோ, ஷைனிய படிக்க வையின்னு நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சிக்கினேவா தெனமும் என்னை வெயில்ல நிக்க உட்ட?"

"நான் வர்ற வரைக்கும் புள்ளைங்கள யாரும் வெளாட இஸ்துக்கினு போவாம பாத்துக்க ஒரு வாட்ச்மேன் வோணும் இல்ல? திங்கக்கிழமையிலேருந்து இன்னும் நாலு புள்ளைங்க படிக்க வருது, கரெக்டா அஞ்சு மணிக்கு கேட்டாண்ட வந்து நின்னுடுங்க."